புழுவுக்கு எத்தனை கால்? வடமதுரை முள்ளங்கித் தோட்டத்தில் ஒரு துப்பறியும் வேலை!

"மருந்தடிச்சு ஆறு நாள் ஆச்சுய்யா. ஒரு புழுகூடச் சாகல. நீதான் பத்திரிகையிலெல்லாம் எழுதுறியே... இது என்ன புழுன்னு விவரம் தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது கேட்டுச் சொல்லேன்!"

கார்த்திகை மாதக் கடைசியில் ஒரு காலை நேரத்தில் வடமதுரையிலிருந்து சித்தப்பா போன் செய்தார். கூடவே வாட்ஸ்அப்பில் நாலு போட்டோ. மூன்றில் சித்தப்பாவின் கட்டை விரல்தான் தெளிவாகத் தெரிந்தது. நாலாவதில் ஓட்டை ஓட்டையாக ஒரு முள்ளங்கி இலை, அதன் ஓரத்தில் கரும்பச்சை நிறத்தில் சுருண்டு கிடக்கும் ஏதோ ஒன்று. அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்ல? ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வருவதாகச் சொல்லிவிட்டேன்.

திண்டுக்கல்லில் பஸ் ஏறினால் திருச்சி ரோட்டில் அரை மணி நேரத்தில் வடமதுரை. ஊருக்குள் நுழைந்ததுமே சௌந்தரராஜப் பெருமாள் கோயில். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் ஆட்டுச் சந்தைக்கும் தக்காளிக்கும் பேர்போன அய்யலூர். சித்தப்பாவுக்கு ஊரை ஒட்டி ஒன்றரை ஏக்கர் செம்மண் காடு இருக்கிறது. கிணற்றுப் பாசனம். பாதி நிலத்தில் முருங்கை, கொஞ்சம் மல்லிகை. ஐப்பசி மழை விட்டதும் கைவசம் இருக்கிற ஈரத்தை வைத்து முப்பது சென்ட்டில் முள்ளங்கி போடுவார். 45, 50 நாளில் பிடுங்கி விற்றுவிடலாம். பொங்கல் செலவுக்கு ஆகும். நான் போனபோது பயிருக்கு 25 நாள்.

"பாருய்யா" என்று ஒரு இலையைத் திருப்பிக் காட்டினார். இலையைத் தொட்டதுதான் தாமதம். அதிலிருந்த ஏழெட்டுப் புழுக்களும் பொலபொலவென்று மண்ணில் விழுந்தன. விழுந்தவை வட்டமாகச் சுருண்டு, அசையாமல் கிடந்தன. செத்துவிட்டன என்றே நினைத்தேன். "நடிக்குதுய்யா. கொஞ்ச நேரம் கழிச்சுப் பாரு" என்றார் சித்தி. அதே மாதிரி ஒரு நிமிடம் கழித்து ஒவ்வொன்றாக உடம்பை நீட்டி, பக்கத்துச் செடியைப் பார்த்து ஊர ஆரம்பித்தன.

நடந்த கதை இதுதான். சித்தப்பா செல்போன் படத்துடன் மருந்துக் கடைக்குப் போயிருக்கிறார். முள்ளங்கி சீக்கிரம் சந்தைக்குப் போகிற பயிர், பச்சையாகவும் சாப்பிடுகிறார்கள் என்பதால் விஷம் குறைந்த மருந்தாகக் கேட்டிருக்கிறார். கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, "பச்சைப் புழு" என்று சொல்லி, பாக்டீரியாவிலிருந்து தயாரிக்கும் 'பி.டி.' என்ற உயிரி மருந்தைக் கொடுத்திருக்கிறார். அது நல்ல மருந்துதான். முட்டைக்கோஸ் விவசாயிகள் பலருக்குக் கைகொடுப்பது. ஆனால், இங்கே இரண்டு முறை அடித்தும் பலன் இல்லை. மறுபடி கடைக்குப் போனால், "அப்ப ஸ்ட்ராங்கா ஒண்ணு தர்றேன்" என்ற பதில் வந்திருக்கிறது. மூன்று வாரத்தில் சந்தைக்குப் போகப்போகிற முள்ளங்கி! சித்தப்பாவுக்கு மனசு வரவில்லை. அதனால்தான் எனக்குப் போன்.

எனக்குப் பூச்சிகளைப் பற்றிப் பெரிதாக எதுவும் தெரியாது. ஆனால், நண்பர் ஒருவரின் மகள் கோவையில் பூச்சியியல் படிக்கிறாள். வரப்பில் உட்கார்ந்தபடியே அவளுக்குப் போன் போட்டேன். நிறம், நீளம், கோடு என்று நான் அடுக்க ஆரம்பித்ததும் குறுக்கிட்டாள்.

"மாமா, அதெல்லாம் அப்புறம். முதல்ல காலை எண்ணுங்க!"

ஐந்தா, எட்டா?

புழுவின் காலை எண்ணியிருக்கிறீர்களா? நான் அன்றைக்குத்தான் முதன்முதலாக எண்ணினேன். ஒரு புழுவை வெள்ளைக் காகிதத்தில் போட்டு, செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தோம்.

முன்பக்கம், தலைக்கு அடுத்தாற்போல மூன்று ஜோடிக் கால்கள் இருக்கும். நுனி கூர்மையாக, மூட்டு வைத்து இருக்கும் அவைதான் நிஜக் கால்கள். எல்லாப் பூச்சிகளுக்கும் உரிய ஆறு கால்கள். அதற்குப் பின்னால் வயிற்றுப் பகுதியில் தடியாக, சதைப்பிடிப்பாகச் சில கால்கள் இருக்கின்றன அல்லவா? அவை பொய்க் கால்கள். இலையைப் பிடித்துக்கொள்ள மட்டும் உதவுபவை. இவற்றைத்தான் எண்ண வேண்டும்.

பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி ஆகியவற்றின் புழுக்களுக்குப் பொய்க் கால்கள் அதிகபட்சம் ஐந்து ஜோடி. நடு வயிற்றில் நாலு, வால் நுனியில் ஒன்று. சிலவற்றுக்கு அதிலும் குறையும். அவற்றில் ஐந்துக்கு மேல் பார்ப்பது அரிது.

நாங்கள் எண்ணினோம். ஒன்று, இரண்டு... ஐந்து, ஆறு... மொத்தம் எட்டு ஜோடி! சித்தப்பாவுக்குச் சந்தேகம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு புழுவை எடுத்து எண்ணினார். அதற்கும் எட்டு.

"அப்படின்னா அது அந்துப்பூச்சியோட புழுவே இல்லை மாமா. ரம்ப ஈ" என்றாள் அவள்.

பெயரில் 'ஈ' இருந்தாலும் அது ஈ இனமல்ல. குளவி, தேனீ, எறும்பு இவற்றுக்கெல்லாம் பங்காளி. சொல்லப்போனால் மூத்த பங்காளி. இருபது கோடி ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கூட்டம் பூமியில் இருந்ததற்குப் பாறைப் படிமங்கள் சாட்சி. குளவிக்கும் தேனீக்கும் இடுப்பு ஒடிந்துவிடும்போல ஒல்லியாக இருக்கும். ரம்ப ஈக்கு அந்த இடுப்பு கிடையாது. நெஞ்சும் வயிறும் ஒரே அகலத்தில் ஒட்டியிருக்கும். கொட்டவும் கொட்டாது. குளவிக்குக் கொடுக்கு இருக்கிற இடத்தில் இதற்கு இருப்பது பற்கள் வைத்த சின்ன ரம்பம். பெண் ஈ இலையின் ஓரத்தை அந்த ரம்பத்தால் அறுத்து, உள்ளே ஒரு முட்டையைச் சொருகிவிட்டுப் போய்விடும். இலைக்குள்ளேயே முட்டை இருப்பதால் வெளியே தேடினாலும் கண்ணில் படாது. ஒரு பெண் ஈ இப்படி முப்பதுக்கும் மேல் முட்டைகள் வைக்கும். ஆணோடு சேராவிட்டாலும் முட்டை பொரிக்கும். அப்படிப் பொரிப்பவை எல்லாம் ஆணாகவே இருக்கும் என்பது தேனீக்களுக்கும் இவற்றுக்கும் பொதுவான வினோதம்.

உலகம் முழுக்க ரம்ப ஈக்களில் சுமார் எட்டாயிரம் வகைகள் உண்டு. பெரும்பாலானவை குளிர் நாட்டுக்காரர்கள். வட இந்தியாவில் கடுகு வயல்கள் இருக்கிற பக்கமெல்லாம் இதில் ஒரு வகை பிரசித்தம். நம் பக்கம் கடுகுச் சாகுபடி இல்லாததால் அது முள்ளங்கியிலும் கோஸிலும் குடியிருக்கிறது.

சரி, எட்டு ஜோடிக் கால்களால் என்ன வந்துவிட்டது? இங்கேதான் சித்தப்பாவின் மருந்துக் கணக்கு உதைத்தது. பி.டி. பாக்டீரியா ஒரு புரதப் படிகத்தை உண்டாக்கும். புழு இலையோடு சேர்த்து அதைத் தின்றால், காரத்தன்மை உள்ள அதன் குடலில் படிகம் கரைந்து, குடல் சுவரில் போய் ஒட்டி, ஓட்டை போட்டுவிடும். இதில் பூட்டும் சாவியும் மாதிரி ஒரு பொருத்தம் வேண்டும். கடைகளில் காய்கறிப் பயிருக்குக் கிடைக்கிற பி.டி. வகையின் சாவி அந்துப்பூச்சிப் புழுக்களின் குடலுக்காகவே அமைந்தது. கொசுப் புழுவுக்கு வேறு வகை இருக்கிறது. ரம்ப ஈப் புழு என்பது குளவிக் குடும்பத்துப் பிள்ளை. அதன் குடலில் இந்தச் சாவி திறக்காது. மருந்து போலியும் இல்லை, புழு மருந்துக்குப் பழகிப்போகவும் இல்லை. மருந்து ஒரு வீட்டுக்கு, புழு இன்னொரு வீடு.

"ரெண்டு தடவை அடிச்ச காசு போச்சே" என்று சித்தி முணுமுணுத்தார். சித்தப்பா வேறு பக்கம் பார்த்தார்.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் குடித்தனம்

ரம்ப ஈ என்று தெரிந்தால் மட்டும் போதாது, எந்த ரம்ப ஈ என்று தெரிய வேண்டும். அதற்கு அவள் சொன்ன வழி, ரொம்பப் பழைய வழி. ஹார்லிக்ஸ் பாட்டிலில் நாலு விரல் உயரத்துக்கு ஈரமான மண், மேலே இலை, பத்துப் புழுக்கள், வாயில் மெல்லிய துணி. தினமும் புது இலை. புழு வளர்ந்து பூச்சியாகும்வரை காத்திருக்க வேண்டும். புழுவைப் பார்த்துக் குடும்பத்தைத்தான் சொல்ல முடியும். ஆளை உறுதி செய்யப் பூச்சியே வெளியே வர வேண்டும்.

பாட்டிலைத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்தேன். வீட்டில் கிடைத்த வரவேற்பைப் பற்றி எழுதாமல் இருப்பதே நல்லது. ஆனால், இரண்டாம் நாளே என் மகள் என்னைவிட ஆர்வமாகிவிட்டாள். புழு எதைத் தின்கிறது, எதைத் தின்னவில்லை என்று ஒரு நோட்டில் குறித்தாள். முருங்கை இலை போட்டோம், ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தண்டுக்கீரை, கொத்தமல்லி... ம்ஹூம். முட்டைக்கோஸின் வெளி இலையைப் போட்டதும் அரை மணி நேரத்தில் ஓரம் அரிபட ஆரம்பித்தது. நூக்கல் இலையும் பிடித்திருந்தது. முள்ளங்கி இலை என்றால் விருந்து.

முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கல், டர்னிப், கடுகு. காய்கறிக் கடையில் இவை தனித்தனிக் கூடையில் இருந்தாலும் தாவரவியலில் ஒரே குடும்பம். பூவைப் பார்த்தால் தெரிந்துவிடும். நாலு இதழ்கள், சிலுவை மாதிரி எதிரெதிராக இருக்கும். இந்தக் குடும்பத்துக்கே உரிய ஒரு காரம் உண்டு. கடுகை அரைத்தால் மூக்கில் ஏறுகிறதே, முள்ளங்கியைப் பச்சையாகக் கடித்தால் நாக்கில் சுருக்கென்கிறதே, அதுதான். இலை முழுதாக இருக்கும்வரை அந்தக் காரம் இருக்காது. அதன் மூலப்பொருள் ஓரிடத்திலும், அதை உடைக்கிற நொதி இன்னோரிடத்திலும் பிரிந்திருக்கும். பூச்சி கடித்ததும் இரண்டும் கலந்து காரம் பிறக்கும். செடியின் தற்காப்பு அது. பெரும்பாலான பூச்சிகள் ஓடிவிடும்.

ரம்ப ஈப் புழு ஓடாது. மாறாக, அந்த மூலப்பொருளை உடையாமல் அப்படியே தன் ரத்தத்தில் சேர்த்துவைத்துக்கொள்கிறது. இதன் ஐரோப்பிய உறவுக்கார இனத்தில் ஆய்வாளர்கள் 2001-ம் ஆண்டு இதைக் கண்டுபிடித்து எழுதினார்கள். அந்த இனத்துப் புழுவை எறும்போ, குளவியோ லேசாகக் கடித்தால் போதும், தோல் கிழிந்து ரத்தம் கசியும். கடித்தது துப்பிவிட்டுப் போய்விடும். செடி தனக்காகச் சேர்த்த ஆயுதத்தைப் புழு திருடி வைத்திருக்கிறது. அந்தக் காரக் குடும்பத்தை விட்டு முருங்கைக்கும் தண்டுக்கீரைக்கும் இந்தப் புழு ஏன் வருவதில்லை என்பதற்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது.

ஆறாம் நாள் பாட்டிலில் புழுக்களைக் காணோம். மகள் பதறிவிட்டாள். துணி கட்டியபடியே இருந்தது. மண்ணைக் கிளறாதே என்று கோவையிலிருந்து கண்டிப்பான உத்தரவு. புழுக்கள் மண்ணுக்குள் போய், தங்களைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொண்டிருக்குமாம். மழைத் தண்ணீர்கூட உள்ளே இறங்காத கூடு. காத்திருந்தோம். சீதோஷ்ணத்தைப் பொறுத்து இதற்குப் பத்து நாளும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். எங்களுக்குப் பதினாறு நாள் ஆனது. ஒரு காலையில் துணியின் அடிப்பக்கத்தில் இரண்டு பூச்சிகள் உட்கார்ந்திருந்தன. ஒரு சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த உடம்பு, கறுத்த தலை, புகை படிந்தது மாதிரி மங்கலான இறக்கைகள். அழகாகவே இருந்தன.

இந்த விவரங்களோடு பொருந்துவது 'அத்தேலியா ப்ராக்ஸிமா' என்று பெயரிடப்பட்ட கடுகு ரம்ப ஈ. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் இருந்த க்ளூக் என்ற பூச்சியியலாளர் வைத்த பெயர் அது. பிற்காலத்தில் அதை 'அத்தேலியா லூகன்ஸ்' என்ற இன்னோர் இனத்தின் உட்பிரிவாகச் சேர்த்து, நம் வேளாண் பாடப்புத்தகங்களில் 'அத்தேலியா லூகன்ஸ் ப்ராக்ஸிமா' என்று நீளமாக எழுதுகிறார்கள். தனி இனம் என்பவர்களும் இருக்கிறார்கள். இந்த நெருங்கிய சொந்தங்களைப் பிரித்தறிய நிறம் மட்டும் பத்தாது. பெண் ஈயின் ரம்பத்தைப் பிரித்தெடுத்து, நுண்ணோக்கியில் வைத்துப் பற்களின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். எந்த ரம்பத்தால் இலையை அறுத்ததோ, அதுவே அதன் ஆதார் கார்டு. எங்கள் இரண்டு பூச்சிகளும் ஒரு சின்னக் குப்பியில் ஸ்பிரிட்டில் மிதந்தபடி கோவைக்குப் போயிருக்கின்றன.

ரோஜாவைத் தொடாத 'ரோஸே'

எந்தப் பூச்சிக்கு எது உணவுச்செடி என்று சொல்வது லேசான காரியமில்லை. பெரிய ஆட்களே வழுக்கி விழுந்திருக்கிறார்கள். உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த லின்னேயஸ், 1758-ம் ஆண்டு ஐரோப்பிய ரம்ப ஈ ஒன்றுக்கு 'ரோஸே' என்று பெயர் வைத்தார். ரோஜாவுக்கு உரியது என்று அர்த்தம். இன்றைக்கும் அதன் பெயர் 'அத்தேலியா ரோஸே'தான். ஆனால், அது தின்பது டர்னிப்பும் கடுகும். ரோஜாவை அது தொடுவதே இல்லை! ரோஜாவைத் தின்னும் வேறொரு ரம்ப ஈ அதே ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டார் என்பது என் ஊகம். பெயர் வைக்கும் விதிகளின்படி முதலில் வைத்ததை மாற்ற முடியாதாம். தப்பான பெயரோடு இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது அந்தப் பூச்சி.

ஒரு செடிமேல் உட்கார்ந்திருந்தால் அது உணவுச்செடி ஆகிவிடாது என்பதற்கு ஜப்பானில் இன்னொரு வேடிக்கை. அங்கே வளர்ந்த ரம்ப ஈக்கள் ஒரு புதர்ச்செடியில் மொய்த்து, இலையைச் சுரண்டித் தின்பதைக் கவனித்தார்கள். நம் ஊர் தழுதாழை, சங்கங்குப்பிக்கெல்லாம் சொந்தமான செடி அது. ஆனால், அதில் ஒரு முட்டைகூட வைப்பதில்லை. அந்த இலையிலுள்ள கசப்பை உடம்பில் ஏற்றிக்கொள்ளத்தான் வருகின்றன. கசப்பேறிய ஈயைப் பறவைகள் தின்ன மாட்டா. பிள்ளைகளை வளர்ப்பது முள்ளங்கிக் காட்டில், கவசம் வாங்குவது புதரில். முட்டையும் புழுவும் எதில் இருக்கின்றனவோ அதைத்தான் உணவுச்செடி என்று எழுத வேண்டும்.

சித்தப்பாவுக்கும் இதே மாதிரி ஒரு சந்தேகம் இருந்தது. வரப்பெல்லாம் மஞ்சள் பூவோடு நாய்க்கடுகு மண்டிக் கிடந்தது. "இதுலருந்துதான் புழு ஏறுது" என்று அதை வெட்டச் சொல்லி ஆளுக்குச் சொல்லியிருந்தார். பெயரில் கடுகு இருக்கிறது, பூவிலும் நாலு இதழ். ஆனால், அது கடுகுக் குடும்பம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் என்று வேண்டுமானால் சொல்லலாம். மூன்று பேரும் வரப்பு முழுக்கத் தேடினோம். நாய்க்கடுகில் ஒரு புழு இல்லை. சித்தி கீரைக்காகக் கிணற்றடியில் ஒரு கைப்பிடி சமையல் கடுகைத் தூவியிருந்தார். அங்கே போனால், இலை நரம்பு மட்டும்தான் பாக்கி! உண்மையான குற்றவாளி நம் அஞ்சறைப் பெட்டியிலிருந்து வந்தது. சித்தி சிரித்த சிரிப்பில் சித்தப்பாவும் கலந்துகொண்டார். கோஸ் வயலில் ஊடே கடுகு வரிசை போட்டு, பூச்சிகளை அதன் பக்கம் இழுத்துப் பிடிக்கிற முறை ஒன்று இருக்கிறது. சித்தி தெரியாமலே அதைச் செய்திருக்கிறார்.

பூச்சியையும் அதன் உணவுச்செடிகளையும் சேர்த்துப் பட்டியல் போடுகிற வேலை தமிழ்நாட்டில் நூறு வருடத்துக்கு மேலாக நடக்கிறது. மதராஸ் அரசின் பூச்சியியலாளராக இருந்த பெயின்பிரிக் ஃபிளெட்சர் 1914-லேயே தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி ஒரு தடிமனான புத்தகம் போட்டார். பெயரும் பட்டியலும் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் 2008-ம் ஆண்டை நினைத்துப்பார்க்கலாம். அந்த வருடம் கோவைப் பக்கம் பப்பாளி மரங்களில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி அப்ப ஆரம்பித்தது. பிறகு மரவள்ளி, மல்பெரி, பருத்தி, செம்பருத்தி, பார்த்தீனியம் என்று எதையும் விடவில்லை. மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து ஒட்டவில்லை. பட்டுப்புழு வளர்த்தவர்களோ மல்பெரி இலையில் மருந்தே அடிக்க முடியாது. அது மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி என்று அடையாளம் தெரிந்த பிறகுதான் வழி பிறந்தது. அந்தப் பெயரை வைத்துத் தேடினால், அதைக் கட்டுப்படுத்துகிற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிகளை வேறு நாடுகளில் ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தார்கள். 2010-ல் பெங்களூரு தேசிய நிறுவனம் மூலம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைத் தருவித்து, வேளாண் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் மையங்களும் அவற்றைப் பெருக்கி விட்டன. மாவுப்பூச்சி அடங்கியது. எல்லாவற்றையும் வெறும் 'மாவுப்பூச்சி' என்றே சொல்லிக்கொண்டிருந்தால் அந்தக் குளவி வந்திருக்குமா?

சித்தியின் தாம்பாளம்

முள்ளங்கிக்கு வருவோம். ஆளை அடையாளம் கண்டதும் அதன் பலவீனமும் தெரிந்துவிட்டது. தொட்டால் செத்த மாதிரி விழுகிறதே, அதுதான்!

இந்தப் புழு காலையிலும் சாயங்காலமும்தான் இலைமேல் மேயும். வெயில் ஏறினால் ஒளிந்துகொள்ளும். சித்தி விடிந்ததும் ஒரு பழைய தாம்பாளத்தில் சோப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வரிசை வரிசையாகப் போனார். செடிக்கு அடியில் தாம்பாளத்தைச் சாய்த்துப் பிடித்து, இலையை ஒரு தட்டு. அத்தனையும் தண்ணீரில். மூன்று காலை, இரண்டு மாலை. முப்பது சென்ட் என்பதால் முடிந்தது. ஏக்கர் கணக்கில் வைத்திருப்பவருக்கு இந்த வேலை கட்டுபடியாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூடவே இரண்டு தடவை பாத்தி நிறையத் தண்ணீர் கட்டினார் சித்தப்பா. கீழே விழுகிற புழுக்கள் மூழ்கிச் சாகும் என்பதால் இளம்பயிருக்கு இதையும் பரிந்துரைக்கிறார்கள். வேப்பங்கொட்டைக் கரைசல் ஒரு தரம் தெளித்தார். நூறு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிலோ கொட்டை என்பது கணக்கு. இந்தப் புழுவுக்கென்றே பாகல் விதை எண்ணெயில் தயாரிக்கும் கரைசலையும் வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிறது. அது தெளித்த இலையைப் புழு தின்னாதாம். எங்களுக்கு அவ்வளவு பாகல் விதைக்குப் போக வழியில்லை.

பயிர் ஒரு மாதத்தைத் தாண்டிவிட்டால் முள்ளங்கி ஓரளவுக்கு இலை சேதத்தைத் தாங்கிக்கொள்ளும். முளைத்த முதல் மூன்று, நாலு வாரம்தான் கண்டம். சித்தப்பாவின் பயிர் அந்தக் கண்டத்தின் கடைசியில் இருந்தது. கிழக்கு ஓரத்தில் நாலு பாத்தி போய்விட்டது. மிச்சம் தேறிவிட்டது. கடைக்காரர் சொன்ன அந்த 'ஸ்ட்ராங்' மருந்து வாங்கப்படவே இல்லை.

ஆனால், இதைவிட முக்கியமான முடிவு வேறொன்று. முள்ளங்கியைப் பிடுங்கியதும் அதே இடத்தில் காலிஃபிளவர் நட சித்தப்பா நாற்றுக்குச் சொல்லி வைத்திருந்தார். மண்ணுக்குள் கூடு கட்டிக்கொண்டு எத்தனை புழுக்கள் காத்திருக்கின்றனவோ! அவை வெளியே வரும்போது எதிரிலேயே காலிஃபிளவர் நாற்று இருந்தால், இலை போட்டு விருந்து வைத்த மாதிரிதான். என் மகள் நோட்டைப் பிரித்து, "சின்னத் தாத்தா, அது பிடிக்கும் லிஸ்ட்ல இருக்கு" என்றாள். பிடிக்காத லிஸ்ட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அந்தக் குடும்பத்தைச் சேராத எதுவும் சரி. யோசித்துவிட்டுக் கொத்தவரங்காய் என்று முடிவு செய்தார். கோடையில் ஆழ உழுது மண்ணைப் புரட்டிப் போட்டால் கூடுகள் வெயிலிலும் பறவைகள் வாயிலும் அகப்படும். அதற்கும் டிராக்டர் சொல்லியாகிவிட்டது.

மாடித் தோட்டத்தில் முள்ளங்கியும் கோஸும் வைத்திருப்பவர்கள் இந்தப் புழுவைப் பார்த்தால் மருந்து பாட்டிலைத் தேடாமல் முதலில் படம் எடுங்கள். மேலிருந்து அல்ல, பக்கவாட்டில், கால்கள் தெரிகிற மாதிரி. பக்கத்தில் ஒரு தீக்குச்சியோ, நாணயமோ வைத்தால் அளவு புரியும். எந்தச் செடியில் இருந்தது என்பதையும், அந்தச் செடியைத் தின்றதா, சும்மா உட்கார்ந்திருந்ததா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல் மாவட்டத்துக்காரர்கள் காந்திகிராமத்தில் உள்ள வேளாண் அறிவியல் மையத்தை அணுகலாம். ஒன்றியத் தோட்டக்கலை அலுவலகத்திலும் கேட்கலாம். பிள்ளைகளுக்கு ஆர்வம் வந்துவிட்டால், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் 2018-ல் திறந்த பூச்சி அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் கூட்டிப்போகலாம். என் மகளுக்கு நான் வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

போன வாரம் சித்தப்பா மறுபடி போன் செய்தார். கொத்தவரையில் ஏதோ பச்சைப் புழுவாம்.

"எண்ணிட்டேன்ய்யா. அஞ்சு ஜோடிதான். உன் சித்தியும் எண்ணிட்டா. மிச்சமிருக்கிற அந்தப் பி.டி. மருந்து இதுக்குக் கேக்குமான்னு மட்டும் அந்தப் புள்ளைகிட்டக் கேட்டுச் சொல்லு!"